வெள்ளைச் சரக்கும் வெளிச்சமும்: ஜவ்வரிசிப் பெல்ட்டின் மேல் கேமரா வைத்த அனுபவம்

சேலம், ஆத்தூர், ராசிபுரம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளில் பெல்ட்டின் மேல் கேமரா பொருத்தி, சரக்கில் கலந்து வரும் மரவள்ளிக் கிழங்கின் தோல் துணுக்கையும் திப்பி இழையையும் (மாவு எடுத்தபின் மிஞ்சும் நார்) கண்டுபிடித்துக் காற்றால் ஊதித் தள்ளும் அமைப்புகளை நிறுவிக்கொடுப்பது என் தொழில். பெரிய ஆலைகள் நிறம் பார்த்துப் பிரிக்கும், ஆயத்தமாக வரும் கலர் சார்ட்டர் இயந்திரங்களை வாங்கிவிடுகின்றன. இருக்கிற பெல்ட்டிலேயே ஏதாவது செய்து தரச் சொல்கிற நடுத்தர ஆலைகள்தாம் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுகின்றன. 1981-இல் தொடங்கப்பட்ட சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக விற்றாலும் சரி, வெளி வியாபாரியிடம் நேரடியாகக் கொடுத்தாலும் சரி, ஜவ்வரிசிக்கு வெண்மைதான் விலை. மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்க்கிறவர் கண்ணில் நாலு பழுப்புப் புள்ளிகள் பட்டால் அந்தச் சரக்கு ஒரு படி கீழே இறங்கிவிடும்.

இந்த வேலையில் எனக்கு அதிக நேரம் பிடித்தது மென்பொருள் எழுதுவதில் இல்லை. கேமராவின் எக்ஸ்போஷர் (சென்சார் என்ற ஒளியுணரும் சில்லு ஒளியை வாங்கும் நேரம்), கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு), பிளாக் லெவல் (ஒளியே இல்லாதபோது வரும் எண்), காமா (இருண்ட, வெளிச்சப் பகுதிகளை வளைத்து மாற்றும் அமைப்பு), பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் என்று வரிசையாக நிற்கும் அமைப்புகளில் எதை, எந்த வரிசையில், எவ்வளவு தொடுவது என்பதில்தான் பிடித்தது. இவற்றைத் தாறுமாறாக நகர்த்தினாலும் திரையில் ஏதோ ஒரு படம் வந்துவிடும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. திரையில் அழகாகத் தெரியும் படமும், கணினி குறையைக் கண்டுபிடிக்க உதவும் படமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

ஓர் ஆலையில் நான் அமைத்து முடித்த படத்தைத் திரையில் பார்த்த முதலாளி, "என்ன தம்பி, சரக்கு இவ்வளவு சாம்பலாத் தெரியுது? நம்ம சரக்கு பால் மாதிரி இருக்கும். வெளிச்சத்தக் கொஞ்சம் கூட்டி வைங்க" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. தன் சரக்கு வெளுப்பாகத் தெரிய வேண்டும் என்று எந்த ஆலைக்காரரும் நினைப்பார். ஆனால் அவர் சொன்னபடி கூட்டினால் என்ன ஆகும் என்பதை எண்களில் காட்டினேன். எட்டு பிட் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண் கிடைக்கிறது. நல்ல ஜவ்வரிசி மணி 200 என்று விழும்படி எக்ஸ்போஷரை வைத்திருக்கிறேன் என்று கொள்வோம். அந்த மணியின் ஒளியில் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் திருப்பி அனுப்பும் ஒரு வெளிர்பழுப்புப் புள்ளி 160 என்று விழும். இடைவெளி 40. இப்போது எக்ஸ்போஷரை ஒன்றரை மடங்காக்கினால் நல்ல மணி 300-க்குப் போக வேண்டும். ஆனால் 255-க்கு மேல் இடம் இல்லாததால் அங்கேயே முட்டி நின்றுவிடும். புள்ளியோ 240-க்கு ஏறிவிடும். இடைவெளி 40-இலிருந்து 15-ஆகச் சுருங்கிப் போகிறது. திரையில் சரக்கு பால் போலத்தான் தெரியும், குறையும் சேர்ந்து பால் போலத் தெரியும். இப்படி உச்சியில் முட்டிய பிக்சலை அதன்பின் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. 255 என்று பதிவான மணி உண்மையில் 260-ஆக இருந்ததா 320-ஆக இருந்ததா என்பது தொலைந்துபோன செய்தி.

ஆகவே எந்த ஆலையில் வேலை தொடங்கினாலும் முதலில் ஹிஸ்டோகிராமைத் திறந்து வைத்துக்கொள்கிறேன். எந்தெந்த எண்ணில் எத்தனை பிக்சல்கள் விழுந்திருக்கின்றன என்பதைக் காட்டும் அந்த வரைபடத்தில், ஜவ்வரிசி ஓடும்போது வலப்பக்கம் ஒரு பெரிய மேடு தெரியும். அந்த மேட்டின் வலது சரிவு 255-இன் சுவரைத் தொடாமல் இறங்கிவிட வேண்டும். சுவரில் செங்குத்தாக ஒரு கோடு நின்றால் வேறு எதையும் தொடுவதற்கு முன் எக்ஸ்போஷரைக் குறைக்க வேண்டும். படத்தைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆலைக்குள் இருக்கும் மானிட்டர்களில் பாதி, கதவோர வெயிலில், மாவு படிந்து நிற்கின்றன.

அமைப்புகளைத் தொடும் வரிசை, ஒளி போகும் பாதையின் வரிசையே. விளக்கு, சரக்கு, லென்ஸ், எக்ஸ்போஷர் நேரம், கெயின், பிளாக் லெவல், அதற்கும் பின்னால்தான் காமாவும் கான்ட்ராஸ்டும். முன்னால் தொலைந்ததைப் பின்னால் வருவது மீட்டுத் தருவதில்லை.

எக்ஸ்போஷர் நேரத்தை நம் விருப்பத்திற்கு வைக்க முடியாது. பெல்ட்டின் வேகம் அதற்கு ஓர் உச்ச வரம்பை வைத்துவிடுகிறது. பெல்ட் நொடிக்கு 200 மில்லிமீட்டர் ஓடுகிறது, ஒரு பிக்சல் 0.1 மில்லிமீட்டரைப் பார்க்கிறது என்றால், 2 மில்லிநொடி எக்ஸ்போஷரில் சரக்கு 0.4 மில்லிமீட்டர், அதாவது நான்கு பிக்சல் தூரம் நகர்ந்துவிடும். இதை வெறும் மங்கல் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது; இது நேரடியாகக் கான்ட்ராஸ்ட் இழப்பு. 0.3 மில்லிமீட்டர் அகலமுள்ள புள்ளி 0.4 மில்லிமீட்டர் இழுபடும்போது அதன் கருமை முக்கால் பங்காகக் குறைகிறது. மேலே சொன்ன 40 இடைவெளி 30-ஆகிவிடும். எக்ஸ்போஷரை 500 மைக்ரோநொடிக்குக் குறைத்தால் நகர்வு ஒரு பிக்சலுக்குள் அடங்கும். ஆனால் வெளிச்சமும் நான்கில் ஒரு பங்காகிப் படம் இருண்டுவிடும்.

இந்த இடத்தில்தான் பலரும் கெயினைக் கூட்டுகிறார்கள், ஏனென்றால் அது சுலபமானது, செலவில்லாதது. கெயின் டெசிபலில் தரப்பட்டிருக்கும். 6 டெசிபல் கூட்டினால் சிக்னல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, 12 கூட்டினால் நான்கு மடங்கு, 20 கூட்டினால் பத்து மடங்கு. படம் பழைய வெளிச்சத்திற்கு வந்துவிட்டது போலத்தான் தோன்றும். ஆனால் சென்சாருக்குள் விழுந்த ஒளி கூடவில்லை. ஒளித்துகள்கள் வந்து விழுவதிலேயே இருக்கும் இயல்பான ஏற்ற இறக்கம், அதாவது இரைச்சல், அவற்றின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டியது. ஒளி விழுவதால் ஒரு பிக்சலில் சேரும் எலக்ட்ரான்களின் கொள்ளளவு 10,000 என்று வைத்துக்கொண்டால், கெயின் இல்லாமல் 200 என்ற அளவில் விழும் ஜவ்வரிசி மணியில் ஏறக்குறைய 7,800 எலக்ட்ரான்கள் இருக்கும். அதன் இரைச்சல் 88 எலக்ட்ரான், எட்டு பிட் அளவில் சுமார் 2.3. கெயின் 12 டெசிபல் வைத்து அதே 200-ஐக் கொண்டுவந்தால் உள்ளே இருப்பவை 1,960 எலக்ட்ரான்கள்தாம். இரைச்சல் எட்டு பிட் அளவில் 4.5-ஆக, இரண்டு மடங்காக உயர்ந்துவிடும். கரும்பழுப்புத் தோல் துணுக்கைப் பிடிக்க இது தடையாக இருக்காது. நல்ல மணியிலிருந்து பத்து எண்கூட வேறுபடாத மஞ்சள் மணியைப் பிரிக்க வேண்டும் என்று ஆலைக்காரர் கேட்கும்போது, அந்த இரைச்சலில் வேறுபாடு முழுகிப்போகும். காற்றுக் குழாய் நல்ல மணிகளையும் சேர்த்து ஊதத் தொடங்கிவிடும்.

கெயினைத் தொடாமல் ஒளியைக் கூட்டுவதற்கு நான் கண்ட நல்ல வழி, கேமரா படமெடுக்கும் அந்த நொடித்துளியில் மட்டும் எல்இடி விளக்கை உயர் மின்னோட்டத்தில் மின்ன வைக்கும் ஸ்ட்ரோப் முறை. விளக்கு சூடாகவும் நேரமிருக்காது. லென்ஸில் ஒளி நுழையும் துளையான அபெர்ச்சரைத் திறப்பது இன்னொரு வழி, எஃப் 5.6-இலிருந்து எஃப் 4-க்குத் திறந்தால் ஒளி இரண்டு மடங்காகும், ஆனால் குவிய ஆழம் (மேலும் கீழும் தெளிவாகத் தெரியும் தூரம்) குறையும். ஒற்றை அடுக்காகப் பரப்பிய ஜவ்வரிசிக்கு அது போதும்; பெல்ட் அதிர்ந்து குதிக்கும் ஆலையில் போதாது.

விளக்கின் நிறம் தனியாகப் பேச வேண்டியது, ஏனென்றால் கான்ட்ராஸ்டைக் கூட்டுவதற்கு எனக்குத் தெரிந்தவற்றில் இதுவே மிகவும் மலிவானது, மிகவும் நேர்மையானது. தோல் துணுக்கு, திப்பி இழை, கருகல் எல்லாம் பழுப்பும் மஞ்சளும் சார்ந்த நிறங்கள். அவை சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். நீல ஒளியைத்தான் விழுங்கும். ஆகவே கறுப்பு வெள்ளைக் கேமராவுக்குக் கீழே சிவப்பு எல்இடி போட்டால் பழுப்புப் புள்ளி வெள்ளை மணியோடு ஒட்டிக்கொள்ளும். 470 நானோமீட்டர் அளவிலான நீல எல்இடி போட்டால் அதே புள்ளி கறுத்துத் தெரியும். வெள்ளை விளக்கின் கீழ் எவ்வளவு கான்ட்ராஸ்ட் கூட்டியும் பிடிபடாத மஞ்சள் மணிகள், நீல விளக்கை மாற்றிய உடனே தெரிந்ததைப் பார்த்த பிறகுதான், "மென்பொருள்ல ஏதோ பண்ணிட்டீங்க" என்று நினைத்துக்கொண்டிருந்த ஆலை மேற்பார்வையாளர் விளக்கின் பக்கம் திரும்பினார். இன்னொரு வசதியும் உண்டு. உணவு ஆலைகளில் நீல நிறப் பெல்ட் பரவலாக இருக்கிறது. நீல ஒளியில் அது வெளிறித் தெரிவதால், மணிகளுக்கு இடையே தெரியும் பெல்ட்டைக் குறை என்று கணினி நினைப்பது குறையும். சிவப்பு ஒளியில் அதே பெல்ட் கறுத்துப்போய், மணிகளுக்கு இடையிலுள்ள ஒவ்வோர் இடைவெளியும் ஒரு புள்ளியாகத் தெரியும்.

ஜவ்வரிசி உருண்டை என்பதால் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி விழுந்தால் ஒவ்வொரு மணியின் மறுபக்கத்திலும் ஒரு நிழல் பிறை விழும், அந்தப் பிறை பழுப்புப் புள்ளியின் அளவுக்கே கறுப்பாக இருக்கும். கான்ட்ராஸ்டைக் கூட்டக் கூட்டப் பிறையும் சேர்ந்துதான் கறுக்கும். நான்கு பக்கமும் ஒளி பரவி விழும் குவிமாட விளக்குதான் இதற்குத் தீர்வு. செவ்வாப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசின் பற்றவைப்பைச் சோதிக்கும் வேலைக்கும் இதே குவிமாட விளக்கைத்தான் பயன்படுத்தினேன். பளபளக்கும் வெள்ளியில் நேர் விளக்கின் பிம்பம் கண்ணைப் பறித்து, 255-இல் முட்டிய திட்டுகளாக நிற்கும், அவற்றுக்கு இடையே எல்லாம் இருட்டு. அங்கே பிரைட்னஸைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஒன்றுதான்.

இவ்வளவும் ஒழுங்கான பிறகே பிளாக் லெவலுக்கு வருகிறேன். லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டுப் படமெடுத்துப் பார்த்தால் எண் சரியாக 0-ஆக இருக்கக் கூடாது. சில எண்கள் மேலே, இரைச்சலின் இருபுறமும் தெரியும் அளவுக்கு நிற்க வேண்டும். 0-இல் வெட்டுப்பட்டால் இருண்ட பக்கத்துச் செய்தி போய்விடும். மிக உயர்த்தி வைத்தால் படத்தின் மேல் ஒரு சாம்பல் திரை விழுந்தது போல ஆகி, பயன்படும் எண்களின் எல்லை வீணாகக் குறையும். சேலத்துச் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே சென்சார் சூடாகி, ஒளி இல்லாமலே அதில் சேரும் இருள் மின்னோட்டம் கூடிவிடும் என்று சிலர் இதைப் பெரிதாகப் பயப்படுவார்கள். ஆறு முதல் எட்டு டிகிரிக்கு ஒருமுறை அது ஏறக்குறைய இரட்டிப்பாவது உண்மைதான். ஆனால் 500 மைக்ரோநொடி எக்ஸ்போஷரில் அது சேர்வதற்கு நேரமே இருப்பதில்லை. வெப்பம் உண்மையில் பாதிப்பது விளக்கை. எல்இடி சூடாகச் சூடாக ஒளி குறையும், அதிலும் சிவப்பு எல்இடி நீலத்தைவிட அதிகமாகக் குறையும்.

காமா என்ற அமைப்பு பல கேமராக்களில் உள்வரும் எண்ணை 0-க்கும் 1-க்கும் இடையில் சுருக்கி, நாம் கொடுக்கும் அடுக்குக்கு (பவர்) உயர்த்தித் தருகிறது. மானிட்டருக்கு ஏற்ற 0.45 என்ற அளவு இருண்ட பகுதிகளைத் தூக்கிக் காட்டும், வெளிச்சப் பகுதிகளை நெருக்கும். எங்கள் உதாரணத்தில் 200-உம் 160-உம் முறையே ஏறக்குறைய 229, 207 என்றாகும். 40 இடைவெளி 22-ஆகிவிடும். அதே படத்திற்குக் காமா 1.5 கொடுத்தால் 177, 127 என்றாகி இடைவெளி 50-ஆக விரியும். படம் இருண்டு தெரியும், முதலாளி முகம் சுளிப்பார், ஆனால் கணினிக்கு வேலை எளிதாகும். எதையாவது அளக்க வேண்டியிருந்தால், உதாரணமாக வெண்மையை எண்ணாகத் தர வேண்டியிருந்தால், காமாவை 1-இலேயே விட்டுவிட வேண்டும். இல்லையெனில் எண்ணுக்கும் ஒளிக்கும் உள்ள நேர் விகிதம் கெட்டுவிடும்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் ஒன்றுக்காகப் பச்சைக் கொட்டையில் கறுப்புக் கொட்டையைப் பிரிக்கும் சிறிய அமைப்பைச் செய்தபோது இதே காமா எதிர்த் திசையில் உதவியது. அங்கே குறை இருப்பது இருண்ட முனையில். முழுக் கறுப்புக் கொட்டையை யாரும் கண்டுபிடிக்கலாம். பாதி கறுத்ததையும் வெறுமே ஈரம் ஏறி நிறம் மங்கியதையும் பிரிப்பதுதான் கடினம். காமாவை 0.6 அளவுக்குக் குறைத்தபோது அந்த இரண்டும் விலகி நின்றன. ஆகவே "எந்தக் காமா நல்லது" என்று கேட்பவர்களிடம், உங்கள் குறை ஹிஸ்டோகிராமின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று திருப்பிக் கேட்கிறேன்.

கான்ட்ராஸ்ட் அமைப்பில் பல கேமராக்கள் நேர்கோட்டு முறை, எஸ் வளைவு முறை என்று இரண்டைத் தருகின்றன. நேர்கோட்டு முறை நடுப்புள்ளியை மையமாக வைத்து இருபுறமும் இழுத்து விரிக்கும். எல்லை தாண்டியவை 0-இலும் 255-இலும் வெட்டுப்படும். எஸ் வளைவு வெட்டாது. நடுவை விரித்து, இரு முனைகளையும் நெருக்கும். வெட்டுப்படாது என்பதால் எஸ் வளைவே பாதுகாப்பானது என்று பலரும் நினைக்கிறார்கள். ஜவ்வரிசிக்கு அது பாதுகாப்பானதில்லை, ஏனென்றால் அது நெருக்குகிற மேல் முனையில்தான் நமக்கு வேண்டிய மணியும் புள்ளியும் இருக்கின்றன. எக்ஸ்போஷரைக் குறைத்து மணியையும் புள்ளியையும் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தால் மட்டுமே எஸ் வளைவு பயன்படும். அப்படிக் குறைப்பது ஒளியை வீணாக்குவதாகும்.

இங்கே பலருக்கும் உறைக்காத ஒரு செய்தி உண்டு. 120 முதல் 220 வரை உள்ள எண்களை 0 முதல் 255 வரை இழுத்து விரித்தால் புள்ளிக்கும் மணிக்கும் உள்ள இடைவெளி 2.55 மடங்காகும், இரைச்சலும் அதே 2.55 மடங்காகும். கண்டுபிடிக்கும் திறன் ஓர் இம்மியும் கூடுவதில்லை. மனிதக் கண்ணுக்குத்தான் அந்த விரிப்பு உதவுகிறது. அப்படியானால் கேமராவுக்குள் கான்ட்ராஸ்ட் செய்வதால் பயனே இல்லையா என்றால், ஒரு சூழலில் உண்டு. பெரும்பாலான கேமராக்கள் உள்ளே பன்னிரண்டு பிட்டில், 0 முதல் 4095 வரை அளக்கின்றன. வெளியே எட்டு பிட்டாகச் சுருக்கி அனுப்புகின்றன. அந்த 120 முதல் 220 வரையிலான நூறு படிகளுக்குள் பன்னிரண்டு பிட்டில் 1,600 படிகள் இருக்கின்றன. கேமராவுக்குள்ளேயே, பன்னிரண்டு பிட் நிலையில், எந்த எண் வந்தால் எந்த எண்ணை அனுப்புவது என்று குறித்த தேடல் அட்டவணை வழியாக விரித்து அனுப்பினால் எட்டு பிட்டின் 256 படிகளும் உண்மையான செய்தியால் நிறையும். கணினிக்கு வந்த பிறகு விரித்தால் நூறு படிகளே 256-இல் பரவி, ஹிஸ்டோகிராமில் சீப்புப் பற்கள் போல இடைவெளிகள் விழும். பன்னிரண்டு பிட்டையே அப்படியே அனுப்பலாமே என்றால், ஒரு பிக்சலுக்கு இரண்டு பைட் ஆகி, ஜிகாபிட் ஈதர்நெட் கம்பியில் நொடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கை பாதியாகக் குறையும். ஓடும் பெல்ட்டில் அது கட்டுப்படியாகாது.

பால் போன்ற படம் கேட்ட முதலாளிக்கு என்ன செய்தேன் என்றால், படத்தை இரண்டாகப் பிரித்தேன். கேமராவிலிருந்து வருவது கணினியின் சோதனைக்கு மட்டும். அதில் யாரும் கைவைக்கக் கூடாது. அதன் ஒரு பிரதியை மென்பொருளில் பிரைட்னஸும் கான்ட்ராஸ்டும் கூட்டித் திரைக்கு அனுப்பினேன். திரைக்குக் கீழே உள்ள நகர்த்தியை அவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ளலாம். இதற்கு முன் இரவு ஷிப்டில் யாராவது படம் மங்கலாக இருக்கிறது என்று கேமராவின் கெயினைக் கூட்டிவிட்டு, காலையில் நல்ல சரக்கெல்லாம் கழிவுப் பெட்டியில் கிடக்கும். அது நின்றுபோனது.

தானியங்கி எக்ஸ்போஷரை நான் பெல்ட்டில் பயன்படுத்துவதில்லை. சரக்கு ஓடும்போது படம் வெளுக்கும், கேமரா எக்ஸ்போஷரைக் குறைக்கும். நடுவில் சரக்கு நின்று வெறும் பெல்ட் தெரியும்போது கூட்டும். திரும்பச் சரக்கு வரும் முதல் சில படங்கள் முழுதும் வெள்ளையாக முட்டி நிற்கும். பல கேமராக்களில் ஒருமுறை மட்டும் தானாகச் சரிசெய்துகொண்டு நின்றுவிடும் வசதி உண்டு. தொடக்கத்தில் அதை ஓட்டி, வந்த எண்ணைக் கையால் திருத்தி நிலைநிறுத்திவிடுவேன். ஏற்காட்டில் மட்டும் இதிலிருந்து விலக வேண்டியிருந்தது. 1,500 மீட்டர் உயரத்தில், ஜன்னல் வழியே மூடுபனி நுழைந்து போகும், ஐந்து நிமிடத்தில் வெயில் அடிக்கும். முழுதாக மூடிக் கட்டவும் இடமில்லாத கொட்டகை. அங்கே தானியங்கியை விட்டேன், ஆனால் அது பார்க்கும் பகுதியைக் கொட்டைகளின் மேல் வைக்காமல், பெல்ட்டின் ஓரத்தில் ஒட்டிய சாம்பல் நிறத் துண்டின் மேல் வைத்தேன். கொட்டை எவ்வளவு கறுத்தாலும் வெளுத்தாலும் கேமரா அசையாது. ஒளி மாறினால் மட்டும் அசையும். கெயினுக்கு ஓர் உச்ச வரம்பும் வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மாலையில் அது தன் போக்கில் ஏறிக்கொண்டே போகும்.

ஆலைகளில் டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் தரும் மினுக்கல் தனித் தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அவை நொடிக்கு நூறு முறை ஏறி இறங்கும். 500 மைக்ரோநொடியில் எடுக்கும் படம் அந்த ஏற்றத்தில் ஒருமுறையும் இறக்கத்தில் ஒருமுறையும் விழுந்து, படத்துக்குப் படம் வெளிச்சம் அலையும். எக்ஸ்போஷரை 10 மில்லிநொடியின் மடங்காக வைத்தால் அலைவு போய்விடும், ஆனால் ஓடும் பெல்ட்டில் அது நடக்காது. கேமராவையும் விளக்கையும் சுற்றிக் கறுப்புப் பூசிய தகரக் கூண்டு ஒன்றைப் போட்டுவிடுவதே முடிவு.

கூண்டு போட்டாலும் மாவுத் தூள் உள்ளே வரும். காய்ந்த ஜவ்வரிசி உரசி எழும் அந்த வெண்தூள் லென்ஸ் முன்னுள்ள கண்ணாடியில் படிந்து, ஒளியைச் சிதறடித்து, படம் முழுதும் ஒரு வெண்திரையை ஏற்றும். எல்லா எண்களோடும் 30 கூடியது என்று வைத்துக்கொண்டால் 200-உம் 160-உம் 230, 190 ஆகும். தூள் ஒளியில் கொஞ்சத்தைத் தடுத்தும் விடுவதால் மணி திரும்ப 200-க்கே இறங்கினால் புள்ளி 165-இல் நிற்கும், இடைவெளி 35. இது ஒரு நாளில் நடப்பதில்லை என்பதால் யார் கண்ணிலும் படாது. இதைப் பிடிக்கப் பெல்ட்டின் ஓரத்தில், படத்தின் மூலையில் விழும்படி, பளபளப்பில்லாத வெள்ளைத் துண்டு ஒன்றையும் கறுப்புத் துண்டு ஒன்றையும் நிலையாகப் பொருத்தி, அவற்றின் எண்களை நாள்தோறும் எழுதிவைக்கச் சொல்கிறேன். கறுப்பு மட்டும் ஏறி வெள்ளை அப்படியே நின்றாலோ சற்றுக் குறைந்தாலோ கண்ணாடியில் தூள். இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்தால் விளக்கு சோர்ந்துவிட்டது. வெள்ளை நிறையவும் கறுப்பு கொஞ்சமும் ஏறினால் கூண்டில் எங்கோ ஓட்டை விழுந்து வெளி ஒளி நுழைகிறது. ஓர் ஆலையில் எழுதப் படிக்கச் சிரமப்படும் ஓர் அக்கா இதைப் பார்த்துக்கொள்கிறார். கறுப்பு 25-ஐத் தாண்டினால் துணியை எடு என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். "இன்னைக்கு முப்பது வந்துருச்சுங்க, தொடச்சுட்டேன்" என்று அவர் போனில் சொல்வது, எந்த மென்பொருள் எச்சரிக்கையைவிடவும் எனக்கு உதவியாக இருக்கிறது.

மின்வெட்டையும் மறந்துவிடக் கூடாது. கேமராவில் நாம் மாற்றிய எண்களைப் பயனர் தொகுப்பு ஒன்றில் சேமித்து, மின்சாரம் வந்ததும் அந்தத் தொகுப்பையே எடுத்துக்கொள்ளும்படி குறிப்பிடாவிட்டால், ஒவ்வொரு மின்வெட்டுக்கும் பின் கேமரா அதைத் தயாரித்தவர்கள் வைத்த தொடக்க அமைப்புக்கே திரும்பிவிடும். சேமிப்பது மட்டும் போதாது. தொடக்கத் தொகுப்பைத் தேர்ந்தெடுப்பது தனி அமைப்பு, அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். வேலை முடிந்ததும் கேமராவின் மின்கம்பியைப் பிடுங்கித் திரும்பச் செருகி, எண்கள் நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டே கிளம்புகிறேன்.

கேமரா பழுதாகி அதே மாதிரியில் புதிதொன்றைப் பொருத்தும்போது பழைய எண்களை அப்படியே எழுதினால் அதே படம் வந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சென்சாருக்குச் சென்சார், லென்ஸுக்கு லென்ஸ் சிறு வேறுபாடு இருக்கும். அபெர்ச்சர் வளையம் ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும் ஒளி மாறும். பிளாக் லெவலை லென்ஸ் மூடி போட்டுத் திரும்பப் பார்த்து, வெள்ளைத் துண்டு பழைய எண்ணில் வந்து நிற்கும்வரை எக்ஸ்போஷரைத் திருத்தி, பெல்ட் வேகத்தின் வரம்புக்குள் அது அடங்காவிட்டால் மட்டும் விளக்கின் மின்னோட்டத்தைச் சற்று மாற்றுகிறேன். காமாவும் தேடல் அட்டவணையும் பழையபடியே இருக்கலாம். அவற்றைத் தொட வேண்டி வந்தால் முன்னால் ஏதோ சரியாக அமையவில்லை என்று எடுத்துக்கொண்டு, மறுபடி விளக்கிலிருந்து தொடங்குகிறேன்.